நுவரெலியா, ஏப்ரல் 1933: பங்களாவுக்குள் ஒரு கொலைக்கதை எழுத உதவி தேவை

லிந்துலை மாஸ்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலையொன்றில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் எனக்குச் சிறு வயது முதலே தீராத பிரியம் உண்டு. பெரிய மாளிகை, வார இறுதிக்கு வந்து தங்கும் பிரபுக்கள், இராச் சாப்பாட்டுக்கு மணி அடித்த பிறகும் இறங்கி வராத ஒருவர், உள்ளே தாழிட்ட அறை என்ற இந்த வட்டத்துக்குள் எத்தனை முறை சுற்றினாலும் எனக்கு அலுப்பதில்லை. அப்படியொரு கதையைத் தமிழில், நமது மலைநாட்டிலேயே நடப்பதாக எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

காலமும் களமும் தீர்மானமாகிவிட்டன. 1933 ஏப்ரல், குதிரைப் பந்தயத்துக்காகக் கொழும்பே மலையேறி நுவரெலியாவுக்கு வந்திருக்கும் வாரம். ஊருக்குச் சற்று வெளியே தேயிலைத் தோட்டமொன்றில், அதை நிர்வகிக்கும் வெள்ளைக்காரரான பெரிய துரையின் பங்களாவில் எட்டு விருந்தாளிகள். கொழும்புக் கொம்பனியொன்றின் பங்காளி, அவருடைய மனைவி, தோட்டக் கணக்குப் பார்க்க வந்த வீ.ஏ. (விசிட்டிங் ஏஜென்ட்) துரை, கண்டிச் சிங்களப் பிரபுக்களான ரதல வம்சத்து ரட்டே மஹத்தயா (பிரதேசத் தலைவர்) ஒருவர், இலண்டனில் சட்டம் படித்துவிட்டுத் திரும்பிய ஒரு பெரிய கங்காணியின் (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் தலைவரின்) மகன் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். கங்காணி மகனை வேண்டுமென்றே சேர்த்தேன். நுவரெலியாவில் துரைமார் கூடும் ஹில் கிளப்பில் அந்தக் காலத்தில் இலங்கையர் எவரும் உறுப்பினராக முடியாது. ஆகவே இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமென்றால் பங்களாவைத் தவிர வேறிடமில்லை. அதுவும் பெரிய துரைக்கு அவரவரிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருப்பதால்தான் அழைப்பே போயிருக்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பெரிய துரை தமது படுக்கையறையில் இறந்து கிடக்கிறார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது.

நூற்றிருபது பக்கம் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோதுதான் மனம் சோர்ந்துபோனது. பெயர்களை மாற்றினால் அது இங்கிலாந்தில் எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய கதை. பல நூறு தமிழர் வாழும் தோட்டத்தின் நடுவில் கொலை நடக்கிறது. என் கதையிலோ தமிழ் பேசுகிறவர்கள் தேநீர்த் தட்டோடு உள்ளே வருகிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

பூட்டிய அறை என்ற உத்தி நமது பங்களாக்களுக்குப் பொருந்துமா, அக்காலத்தில் விசாரணை எப்படி நடந்திருக்கும், நமது சனங்களைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

---

பண்டாரவளை மேசன் எழுதியது:

மாஸ்டர் ஐயா, பழைய பங்களாக்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில் என்பதால் முதற் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். பூட்டிய அறை நன்றாகப் பொருந்தும். ஆனால் நீங்கள் ஒரு கதவை மறந்துவிட்டீர்கள்.

அக்காலப் பங்களாக்களில் படுக்கையறையோடு ஒட்டிக் குளியலறை இருக்கும். அந்தக் குளியலறையின் பின்சுவரில், ஆள் சற்றுக் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு வெளியே திறக்கும். சுடுதண்ணீர் சுமந்து வருகிறவரும் மலவாளி எடுக்க வருகிறவரும் துரைமாரின் அறைக்குள் நடக்கக் கூடாது என்பதற்காக வைத்த கதவு அது. எட்டு விருந்தாளிகளையும் தனித்தனியாக நிறுத்திக் கேளுங்கள். அறைக்கு ஒரே கதவுதான் என்று எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள், ஒருவரும் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தக் கதவை அவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கமாட்டார்கள். நான் திருத்திய ஒரு பங்களாவில் அந்தக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. உட்பக்கத் தாழ்ப்பாள் பூசிய வர்ணத்தோடு புதிது போலவே இருந்தது.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். லக்சபானா மின்சாரம் வந்தது 1950 இல். அதற்கு முன் சில தோட்டங்களில் ஸ்டோருக்கென்று (தேயிலைத் தொழிற்சாலைக்கென்று) தண்ணீர் விசையால் சுற்றும் டர்பைன் இருந்தது. மற்றப்படி பங்களாவில் விளக்குத்தான். ஒவ்வோர் அறைக்கும் எத்தனை மணிக்கு விளக்குப் போனது, எதில் எண்ணெய் எவ்வளவு மிஞ்சியது என்பதெல்லாம் ஓர் ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் உங்கள் கதையில் தேநீர் கொண்டுவருகிறவர்.

புகையிரதம் பற்றியும் ஒரு வார்த்தை. பதுளை வரை பாதை 1924 இல் முடிந்துவிட்டதால் நீங்கள் தாராளமாக அதைப் பயன்படுத்தலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக றாகலை வரை ஓடிய சின்ன ரயிலும் அப்போது இருந்தது. பட்டிப்பொலைக்கும் ஒகியவுக்கும் இடையில் உச்சிச் சுரங்கம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் கொட்டுகிற மழை, அந்தப் பக்கம் வெளியே வந்தால் வெயிலாக இருக்கும். ஊவாப் பக்கமிருந்து நேரே வந்தேன் என்று சொல்கிறவரின் மேலங்கி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று பிடித்துவிடலாம். ஏப்ரலில் பின்னேர இடிமழை எல்லாப் பக்கமும் பெய்யும் என்பதால் இது பலிக்காது. ஜூன், ஜூலைக்குத் தள்ள வேண்டும், தள்ளினால் குதிரைப் பந்தய வாரம் கைவிட்டுப் போகும். எது வேண்டும் என்பது உங்கள் பாடு.

மாளிகை மாதிரி வேண்டுமானால் அப்புத்தளையில் அடிஷாமைப் போய்ப் பாருங்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டி முடித்த கருங்கல் வீடு; உங்கள் கதையின் வருடத்தில் அதற்கு இரண்டு வயது.

---

கண்டிச் சட்டத்தரணி எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு, இரண்டாவது கேள்வியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வகைக் கதைகள் மிகச் சாதாரணமாகச் சறுக்கும் இடம் அதுதான்.

ஆங்கிலக் கதைகளின் கடைசி அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். துப்பறிபவர் எல்லாரையும் வரவேற்பறையில் கூட்டுகிறார். இன்ஸ்பெக்டர் சுவரோரமாக நிற்கிறார். கொலையாளி மனமுடைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். இலங்கையில் 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) எதிராக நிரூபிக்க முடியாது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், நீதவான் நேரில் இருந்தாலொழிய அதுவும் செல்லாது. ஆகவே உங்கள் இன்ஸ்பெக்டர் அந்த அறையில் நின்று கேட்ட அழகான வாக்குமூலம் உயர் நீதிமன்றத்தின் கண்டி அமர்வில் ஐந்து சதத்துக்குப் பெறாது. இதைத் தடையாகக் கருதாமல், கதைக்குள்ளேயே பயன்படுத்தப் பாருங்கள். இலண்டனில் சட்டம் படித்த கங்காணி மகனுக்கு இந்த விதி தெரிந்திருக்கும். துரைமாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வழக்கு முதலில் பொலிஸ் நீதவானிடம் போய், பிறகு உயர் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே யூரர்கள் (ஜூரிகள்) ஏழு பேர். ஆங்கிலம் பேசும் யூரர் பட்டியல், சிங்களப் பட்டியல், தமிழ்ப் பட்டியல் என்று மூன்று இருந்தன. எதிரி எதை வேண்டுமானாலும் தெரிவு செய்யலாம். குறைந்தது ஐவர் உடன்பட்டால் தீர்ப்பு. யூரராவதற்குச் சொத்து அல்லது வருமானத் தகுதி வேண்டும் என்பதால், தமிழ்ப் பட்டியலைத் தெரிவு செய்தாலும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆள் ஒருவரும் அதில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

நீங்கள் அவசியம் படிக்க வேண்டிய உண்மை வழக்கு ஒன்று உண்டு. உங்கள் கதை நடக்கும் அதே வருடம் ஒக்டோபரில் கொழும்பு டஃப் ஹவுஸ் என்ற வீட்டில் உயர்குடிப் பெண்மணி ஒருவர் குளோரோஃபோர்மால் இறந்தார். சட்டம் பயின்றவரான கணவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1934 இல் அவர் குற்றவாளி என்று யூரர்கள் கண்டார்கள். 1936 இல், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இறந்தவர் தாமாகவே அதை முகர்ந்தாரா, இன்னொருவர் முகத்தில் வைத்து அழுத்தினாரா என்பதே வழக்கின் உயிர்நாடி. அந்தத் தீர்ப்பில் ஒரு கருத்து இன்றுவரை பொதுநலவாய நாடுகளின் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது: வழக்குத் தொடுநர் எல்லாச் சாட்சிகளையும் அழைத்தே தீர வேண்டியதில்லை, ஆனால் நடந்த கதை அவிழ்வதற்கு இன்றியமையாத சாட்சிகளை அழைத்தாக வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பிரிவி கவுன்சில் பிரபுக்கள் அன்றைக்கே பதில் எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சிறு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். 1933 இல் நடக்கும் கதையில் துண்டுச் சீட்டை (ஆளின் கடனைக் காட்டி, அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகவிடும் சீட்டை) வைத்துக் கங்காணி ஆட்களை மிரட்டுவதாக எழுதிவிடாதீர்கள். துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. கடன் ஒழியவில்லை என்பது வேறு விடயம்.

---

மஸ்கெலியா தோழர் எழுதியது:

இப்படியொரு கொலைக்கதை எழுதுவதில் நான் உடன்படவில்லை என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆணைக்குழு வைத்தார்கள், இடதுசாரித் தலைவரும் சட்டத்தரணியுமான கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகி வாதாடினார். யார் கொன்றது என்பதில் மர்மம் எதுவும் இருக்கவில்லை. நமது வரலாற்றில் அந்தக் கேள்விக்கு விடை எப்போதும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அதன் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. துரையொருவர் செத்ததற்கு நூற்றிருபது பக்கம் மண்டையை உடைக்கிற ஆசிரியர், லயத்தில் செத்தவர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்?

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். வெளி ஆள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் வழக்குப் போடும் காலம் அது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய்த்தான் தொழிலாளர் நிலையை அறிந்தார். உங்கள் துப்பறிவாளர் கோட்டும் தொப்பியுமாகக் காரில் வந்து இறங்கினால் லயத்தில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

---

கண்டிச் சட்டத்தரணி எழுதியது:

தோழர் கோபத்தோடு கொடுத்தாலும் நல்ல பொருளைத்தான் கொடுத்திருக்கிறார். நடேசய்யர் துப்பறியும் கதை எழுதியவரும்கூட என்பதால் அவர் ஆவி உங்களை வாழ்த்தும். முன்பு நான் சொன்ன சட்ட விதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். காவலில் இல்லாத ஒருவர், எந்த அதிகாரமும் இல்லாத புடவை வியாபாரியிடம் தானாக மனந்திறந்து சொன்னது நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கத்தக்கது. இன்ஸ்பெக்டரிடம் சொன்னது ஏற்கத்தக்கதல்ல.

---

பழைய கிளாக்கர் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். கொலைக்குக் காரணம் தேடி நீங்கள் காதல், பொறாமை என்று அலைய வேண்டாம். தேயிலை விலை விழுந்து கிடந்த அந்த வருடம் ஏப்ரலில்தான் சர்வதேச தேயிலை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. முதல் வருடத்தில் ஏற்றுமதி நிர்ணயித்த அளவில் 85 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு உரிமை என்பது பழைய விளைச்சல் கணக்கைப் பொறுத்தது என்றால், அந்தக் கணக்கில் கைவைக்க யாருக்கு ஆசை வராது? வீ.ஏ. துரை விருந்துக்கு வந்ததன் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

தடயம் வேண்டுமானால் ஆட்களின் வேலை வரவுப் புத்தகமான செக்ரோலைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஆள் எந்த நாளில் எந்த மலையில் நின்றார், முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் வேலையா, அரைநாளா) என்பது அதில் நாள்தோறும் விழும். வேலைக்கு வந்த ஆட்களின் கணக்குப்படி பெரிய கங்காணிக்குத் தலைக்காசு போனதால், வராத ஆளுக்கும் பேர் விழுவது உண்டு. நான் வேலை பழகிய காலத்தில் என் மூத்தவர் ஒரு பழைய புத்தகத்தைக் காட்டினார். ஒரு பெயருக்கு நேரே இறந்த திகதி சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, அதற்கடுத்த நான்கு நாளும் அதே பெயருக்குப் பேர் விழுந்திருக்கிறது. தோழருக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். லயத்துச் சாவு அங்கே இருக்கிறது.

---

அப்புவின் பேத்தி எழுதியது:

மாஸ்டர் ஐயாவுக்கு வணக்கம். என் தாத்தா பன்னிரண்டு வயதில் பங்களாக் குசினியில் (சமையலறையில்) பொடியனாகச் சேர்ந்து, பிறகு அப்புவாகி (தலைமைச் சமையற்காரராகி), நாற்பது வருடத்துக்கு மேல் அந்த அடுப்படியிலேயே நின்றவர். நீங்கள் தேநீர்த் தட்டோடு அனுப்பிவிட்ட ஆள் அவர்தான் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

1928 இல் வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகள் வகுத்தார். வேலைக்காரனைக் கொலையாளி ஆக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கொலையாளி மதிக்கத்தக்க ஆளாக இருக்க வேண்டுமாம். பட்லரும் சமையற்காரனும் அந்தக் கணக்கில் சேரமாட்டார்களாம். தாத்தாவுக்கு இதை நான் வாசித்துச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, நம்ம மேல சந்தேகப்பட மாட்டானுங்க" என்று சிரித்தார். உண்மையில் ஏதாவது காணாமற்போனால் முதலில் சந்தேகப்பட்டது அவர்களைத்தான் என்பதையும் அவரே சொல்வார். கதையில் சந்தேகப்படத் தகுதியில்லாதவர். பங்களாவில் சந்தேகப்பட முதல் ஆள்.

விருந்தாளிகள் இரவில் சப்பாத்துகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுப்பார்கள். விடியுமுன் அவற்றைத் துடைத்து மினுக்கி வைப்பது பொடியனின் வேலை. ஸ்டோர்ப் பாதையில் நடந்தவர் சப்பாத்தில் செம்மண் ஒட்டியிருக்கும். ஓடைக்கரைப் பக்கம் போனவர் சப்பாத்தில் கறுத்த சேறு, வாரின் இடுக்கில் கோரைப்புல். பில்லியர்ட்ஸ் ஆடிவிட்டு நேரே படுத்தேன் என்று காலைச் சாப்பாட்டில் ஒருவர் சொல்லும்போது, பின்னால் முட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாத்தாவுக்கு அந்தச் சேறு இன்னும் நகக்கண்ணில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்வார். காலுறையில் இரத்தம் கண்டால் வெளியூர்ப் பொலிஸார் பதறிப்போவார்களாம். காட்டோரப் புல்லில் நடந்தவரை அட்டை கடித்துவிட்டு விழுந்துவிடும்; வலி தெரியாது, இரத்தம் மட்டும் வெகுநேரம் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே அந்தக் கறை கொலையைக் காட்டாது. ஆனால் அந்த மனிதர் இரவில் எந்தப் பக்கம் போனார் என்பதைக் காட்டும். உங்கள் இன்ஸ்பெக்டர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு தொங்கட்டும். இரண்டாவதைக் காண நம்முடைய ஆள் ஒருவர் வேண்டும்.

மொழியையும் மறந்துவிடாதீர்கள். துரைமார் தமிழ் படிக்க 'இங்கே வா' என்றே பெயரிட்ட ஒரு கைந்நூல் இருந்தது. வா, போ, கொண்டா, தூக்கு, வெட்டு என்று ஏவுகிற தமிழ் அவர்களுக்கு நன்றாக வரும். இரண்டு பேர் தமக்குள் பேசிக்கொள்கிற தமிழ் வராது. குசினியில் கொலையாளியின் பெயரை உரக்கச் சொன்னாலும், அடுத்த அறையில் இருக்கும் பெரிய துரைசானிக்கு அது வெறும் சத்தம்தான். அங்கே அந்தத் தமிழ் முழுவதும் புரிகிற விருந்தாளி ஒரே ஒருவர், இலண்டனில் படித்த கங்காணி மகன். புரியாதது போல அவர் நடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் நடிக்கிறார் என்று யோசித்தீர்களா ஐயா?

---

லிந்துலை மாஸ்டர் எழுதியது:

யோசிக்கவில்லை அம்மா. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நேற்றிரவு முழுவதும் நித்திரை இல்லை. அவர் தம்முடைய தகப்பனார் செக்ரோலில் எழுதுவித்த செத்த ஆளின் பெயரைக் குசினியிலிருந்து கேட்டிருக்கிறார். அதற்கு மேல் இங்கே சொன்னால் புத்தகத்தை ஒருவரும் வாங்கமாட்டீர்கள்.

மேசன் தம்பியின் பின்கதவு முதலாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும்; வாசகர் கண்ணெதிரில் ஓர் ஆள் அதன் வழியாகச் சுடுதண்ணீர் கொண்டுபோவார், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். மழைத் தடயத்தை மனமில்லாமல் விட்டுவிட்டேன். பந்தய வாரத்தை இழக்க முடியவில்லை. வரவேற்பறைக் கூட்டத்தையும் கிழித்துப் போட்டேன். தோழருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் கேட்ட பக்கக் கணக்குச் சுட்டது. இப்போது பெரிய துரை செத்த விதம் தெரிய வேண்டுமானால், லயத்தில் செத்த ஆளின் கதை முதலில் தெரிந்தாக வேண்டும் என்றபடி எழுதுகிறேன்.

துப்பறிபவர் புடவை வியாபாரி. ஆனால் அவர் லயத்துக்குள் நுழைந்து, சந்தேகம் எழாமல் வீட்டுக்கு வீடு பெயர் கேட்பது எப்படி என்பதில் பேனா நின்றுவிட்டது. குறிப்புப் புத்தகத்தை வெளியே எடுத்தாலே ஆள் பிடிபட்டுவிடுவார் அல்லவா?

---

அப்புவின் பேத்தி எழுதியது:

பிடிபடமாட்டார் ஐயா. எங்கள் லயத்துக்கு வந்த புடவைக்காரர் யாரும் காசுக்கு விற்றதில்லை. கடனுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தன்று வந்து வாங்குவார்கள். ஆகவே கையில் கொப்பி இல்லாத புடவைக்காரரைத்தான் சனம் சந்தேகப்படும். வீட்டு எண், ஆள் பெயர், எத்தனை பேர் உழைக்கிறார்கள், இந்த மாதம் யாருக்கு எத்தனை பேர் விழுந்தது என்று அவர் கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எந்த நம்பிக்கையில் கடன் கொடுப்பார்? பொதியை அவிழ்க்கும்போது கண்டாங்கியை மேலே வைக்கச் சொல்லுங்கள், கிழவிமார் முதலில் வருவார்கள். செத்தவரின் பெயரைக் கொப்பியில் எழுதும்போது, "அந்த ஆள் பேரில் எழுதாதே" என்று சொல்லப்போவதும் அவர்களில் ஒருத்திதான்.